நுணுக்குக்காட்டியின் கீழ் சிறுநீர்: பளிங்குகளும் வார்ப்புகளும்

உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பொலித்தீன் பை இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். வைத்தியரின் துண்டுகள், எக்ஸ்ரே படங்கள், இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் எல்லாம் அதற்குள்தான். அவற்றுள் ஆகக் கூடுதலாக இருப்பது யூ.எப்.ஆர். என்று நாம் எல்லோரும் சொல்லும் சிறுநீர் அறிக்கை. காய்ச்சல் என்று போனாலும் அதைத்தான் எழுதித் தருகிறார்கள், வயிற்றுவலி என்று போனாலும் அதைத்தான். அதன் மேற்பகுதியில் நிறம், புரதம், சீனி. அதற்குக் கீழே பஸ் செல்ஸ், ரெட் செல்ஸ், எபிதீலியல் செல்ஸ். கடைசி இரண்டு வரிகள் கிரிஸ்டல்ஸ், காஸ்ட்ஸ். அந்த இரண்டு வரிகளைப் பற்றியே இக்கட்டுரை.

கிரிஸ்டல் என்பது பளிங்கு. அது நாம் அறிந்த சொல். காஸ்ட் என்பதற்கு எமது பாடநூலில் சொல் எதுவும் நான் காணவில்லை. அச்சில் வார்த்தெடுக்கப்பட்ட பொருள் என்பதே அதன் கருத்து என்பதால் வார்ப்பு என்று எழுதுகிறேன். இவை இரண்டும் ஒரே வழுக்கியில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தாலும் சொல்லும் செய்தி ஒன்றல்ல. பளிங்கு கண்ணுக்கு அழகு, உடனே தெரியும், பெரும்பாலும் பெரிய விடயம் எதையும் சொல்லாது. வார்ப்பு மங்கல், தேடினாலும் இலகுவில் அகப்படாது, ஆனால் சிறுநீரகத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை அதுதான் சொல்லும். இந்த வேறுபாடு தெரியாதபோது என்ன நடக்கலாம் என்பதை எங்கள் குடும்பத்திலேயே கண்டேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

மாமியின் மகள் ராத்தா ஒரு வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் எம்.எல்.டி.யாக வேலை செய்கிறார். சென்ற விடுமுறையில் அவரிடம் இதைப் படித்தேன். நோயாளர்களின் மாதிரிகளை எனக்குக் காட்ட அவர் சம்மதிக்கவில்லை, அது சரியும்கூட. எனவே என்னுடைய சிறுநீரையே நான் பார்த்தேன். மற்றவற்றை ஆய்வுகூடத்தில் வைத்திருக்கும் படப் புத்தகத்தில் பார்த்தேன்.

சிறுநீரைப் பார்த்து நோயறிவது மிகப் பழைய வழக்கம். மாதிரியை நீண்டநேரம் வைத்திருந்து பார்க்கக்கூடாது என்றும், மருதோன்றி இட்டவரின் சிறுநீர் நிறம் மாறக்கூடும் என்றும் இப்னு சீனா தமது 'கானூன்' நூலில் எச்சரித்திருக்கிறார். பெருநாளைக்கு முதல்நாள் மருதோன்றியிட்ட கையோடு நாம் போய் நின்றால் அவர் நம்மைத் திருப்பி அனுப்பியிருப்பார் போலும்! ஆனால் அக்கால வைத்தியர்களிடம் நுணுக்குக்காட்டி இல்லை. 1665இல் ரொபேட் ஹூக் வெளியிட்ட 'மைக்ரோகிராபியா' நூலைக் கலத்தைக் கண்டறிந்த நூலாகவே நாம் படிக்கிறோம். அதே நூலில் சிறுநீரில் படியும் மணலைப் பார்த்து எழுதிய ஒரு பகுதியும் இருக்கிறது. தக்கையின் கலங்களைக் கண்ட அதே கண்தான் சிறுநீரின் பளிங்குகளையும் கண்டது.

இனி வழுக்கி தயாரிக்கும் முறை. புதிதாக எடுத்த சிறுநீரில் 10 அல்லது 12 மில்லிலீற்றரைக் குழாயில் விட்டு மையநீக்கியில் வைத்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 1500 சுற்று வீதம் 5 நிமிடம் சுழற்றுவார்கள். பாரமான பொருட்கள் அடியில் போய்ச் சேரும். மேலே நிற்கும் நீரை ஊற்றிவிட்டு, அடியில் மிஞ்சும் அரை மில்லிலீற்றர் அளவை மெதுவாகத் தட்டிக் கலக்கி, ஒரு துளியை வழுக்கியில் இட்டு, மேலே மெல்லிய மூடித்துண்டை வைத்தால் முடிந்தது. சாயம் எதுவும் கட்டாயமில்லை.

நான் உடனே உயர்வலுப் பொருள்வில்லையைத் திருப்பப் போனேன். ராத்தா கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவசரப்படாத புள்ள. முதல்ல சின்னதுல பாரு. வெளிச்சத்தையும் குறை."

வெளிச்சத்தை ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மேடைக்குக் கீழேயுள்ள வில்லையை இறக்கி, ஒளி வரும் துவாரத்தைச் சுருக்கினார். அதுவரை வெறுமையாகத் தெரிந்த இடத்தில் கண்ணாடிக் குச்சி போன்ற ஒன்று மெல்ல வெளிப்பட்டது. எமது பௌதிகவியல் பாடத்தில் முறிவுச்சுட்டி படிக்கிறோம் அல்லவா? சில வார்ப்புகளின் முறிவுச்சுட்டி சிறுநீரின் முறிவுச்சுட்டிக்கு மிக அண்மித்தது. ஆகவே ஒளி அவற்றினூடாக வளையாமல் நேராகப் போய்விடுகிறது. பிரகாசமான ஒளியில் அவை தண்ணீருக்குள் போட்ட தண்ணீர் போலத்தான். ஒளியைக் குறைத்தால் விளிம்பு தெரியும். மூடித்துண்டின் ஓரங்களிலேயே வார்ப்புகள் அதிகமாக ஒதுங்கும் என்பதால் நடுவை மாத்திரம் பார்த்துவிட்டு எழும்பக்கூடாது. 100 மடங்கு உருப்பெருக்கத்தில் தேடிக் கண்டுபிடித்த பின்னரே, அது எந்த வகை என்று அறிய 400 மடங்குக்குப் போக வேண்டும்.

முதலில் பளிங்குகளைப் பார்ப்போம்.

கரைசல் ஒன்று நிரம்பலடைந்தால் கரையம் வீழ்படிவாகும் என்பது எமக்குத் தெரிந்த இரசாயனம். சிறுநீரும் ஒரு கரைசலே. அதில் எது வீழ்படிவாகும் என்பதை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன. கரையத்தின் செறிவு, வெப்பநிலை, பீ.எச். பெறுமானம். சிறுநீரின் பீ.எச். சுமார் 4.5 இலிருந்து 8 வரை மாறக்கூடியது. ஆகவே பளிங்கைப் பெயரிட முன்னர் அறிக்கையின் மேற்பகுதியில் அமிலமா காரமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பாதித் தெரிவுகள் அங்கேயே கழிந்துவிடும்.

அடிக்கடி காணப்படுவது கல்சியம் ஒட்சலேற்று. இரண்டு கூம்பகங்களை அடியோடு அடி ஒட்டியது போன்ற எண்முக உருவம். மேலிருந்து பார்க்கும்போது ஒரு சதுரம், அதற்குள் மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி. தபால் உறையின் பின்பக்கம் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. இது இரண்டு நீர் மூலக்கூறுகள் கொண்ட வடிவம். இதற்குக் கனிப்பொருளியலில் வெடலைற்று என்று பெயர். அந்தாட்டிக்காவின் வெடல் கடலடிப் படிவில் கண்டெடுக்கப்பட்டதால் அப்பெயர். பனிக்கடலின் அடியில் கிடந்த அதே பளிங்கு, கீரையும் தேநீரும் சாப்பிட்டுவிட்டு வந்த என்னுடைய துளிக்குள்ளும் கிடந்தது! சுகதேகிகளின் சிறுநீரிலும் இது வரும். ஒரு நீர் மூலக்கூறு கொண்ட மற்ற வடிவம் நீள்வட்டமாகவோ நடு ஒடுங்கிய டம்பெல் போலவோ இருக்கும்.

எல்லா நேரமும் இது அப்பாவி என்றும் சொல்வதற்கில்லை. காமரங்காய், பிலிங்காய் இரண்டிலும் ஒட்சலேற்று மிக அதிகம். இவற்றின் சாற்றை மருந்தென்று நினைத்து வெறும் வயிற்றில் பெருமளவு குடித்தவர்களின் சிறுநீரகக் குழாய்களில் ஒட்சலேற்று படிந்து சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த சம்பவங்களை இலங்கை வைத்தியர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். அச்சாறில் இரண்டு துண்டு பிலிங்காய் சேர்ப்பது வேறு, ஒரு குவளை சாறு வேறு. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கோ காமரங்காய் சிறிதளவும் ஆகாது.

யூரிக் அமிலம் அமிலச் சிறுநீரில் வரும். சாய்சதுரம், பீப்பாய், ரோசாப்பூ என்று பல உருவம் எடுக்கும். ஆனால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். சிறுநீரின் நிறப்பொருளை ஈர்த்துக்கொள்வதால் மஞ்சளிலிருந்து கபிலம் வரை இருக்கும். யூரேற்று உப்புகளுக்கு உருவமே இல்லை, வெறும் மணல்தான். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த சிறுநீரின் அடியில் செங்கல்தூள் போல இளஞ்சிவப்பாக ஏதோ படிந்திருப்பதைக் கண்டு இரத்தம் என்று பயப்படுவோர் உண்டு. அது பெரும்பாலும் யூரேற்றுதான். குழாயைச் சற்றுச் சூடாக்கினால் கரைந்து போய்விடும். கரைந்து போகும் இரத்தம் உலகில் இல்லை.

காரச் சிறுநீரில் வருவது மகனீசியம் அமோனியம் பொசுபேற்று. நிறமற்றது, பெரியது. சவப்பெட்டியின் மூடி போன்றது என்று ஆங்கிலப் புத்தகங்கள் வர்ணிக்கின்றன. சந்தூக்கில் ஜனாஸா கொண்டுசெல்வதையே பார்த்து வளர்ந்த எனக்கு அந்த உவமை மனதில் நிற்கவில்லை. நாலு பக்கமும் சரிந்த ஓட்டுக் கூரையை வானத்திலிருந்து பார்ப்பது போல என்று எழுதி வைத்துக்கொண்டேன். யூரியாவைப் பிரித்து அமோனியா உண்டாக்கும் சில பற்றீரியாக்கள் சிறுநீர்ப்பாதையில் தொற்றினால் இது நிறைய வரும். மாதிரியை மணித்தியாலக் கணக்கில் வெளியே வைத்துவிட்டாலும் இதுவே நடக்கும். ஆகவே இதைக் கண்டதும் கேட்க வேண்டிய முதற்கேள்வி, மாதிரி எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்பதே. அமோனியம் யூரேற்றுக்கு உடலெல்லாம் முள். இதற்கு மாத்திரம் புத்தகத்தின் உவமையும் எங்கள் ஊர் உவமையும் ஒன்றாகிவிட்டன: ஊமத்தங்காய்.

கண்டால் கட்டாயம் சொல்ல வேண்டிய பளிங்கு ஒன்று உண்டு. நிறமில்லாத மெல்லிய அறுகோணத் தகடு. அது சிஸ்டீன். சுகதேகிகளிடம் இது காணப்படுவதில்லை. வடிதிரவத்திலுள்ள சிஸ்டீனைச் சிறுநீரகத்தி மீள அகத்துறிஞ்ச முடியாத பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களில் மட்டுமே இது தோன்றும். சிறுவயதிலேயே திரும்பத் திரும்பக் கல் உண்டாகும். 1810இல் வொலஸ்டன் என்ற ஆங்கிலேய இரசாயனவியலாளர் சிறுநீர்ப்பைக் கல் ஒன்றிலிருந்து இதைப் பிரித்தறிந்தார். மனிதர்கள் அறிந்த முதல் அமினோவமிலங்களுள் அது ஒன்று.

இப்போது வார்ப்புகள்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் சிறுநீரகத்திகள். கலன்கோளத்தில் நாளொன்றுக்கு வடிக்கப்படுவது சுமார் 180 லீற்றர், வெளியே வருவது ஒன்றரை லீற்றர் அளவு. இவற்றை நாம் பரீட்சைக்குப் பாடமாக்கியிருக்கிறோம். என்லேயின் தடத்தின் தடித்த ஏறுபுயத்திலுள்ள கலங்கள் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன என்பது பாடத்தில் இல்லை. 1950இல் டாம், ஹோர்ஸ்போல் என்ற இருவர் அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்ததால் அவர்களின் பெயராலும், யூரோமொடியூலின் என்ற பெயராலும் அது அழைக்கப்படுகிறது. சிறுநீர் செறிவாகி, அமிலமாகி, மெதுவாக ஓடும்போது சேய்மை மடிந்த சிறுகுழாயிலும் சேர்க்கும் கானிலும் அப்புரதம் களிபோல உறைகிறது. பின்னால் வரும் சிறுநீர் அதைத் தள்ளிவிட, குழாயின் உருவத்தோடேயே அது வெளியே வருகிறது.

எங்கள் உம்மம்மா மூங்கிற் குழலில் பிட்டு அவிப்பார். குழலில் மாவையும் தேங்காய்ப்பூவையும் மாறி மாறிப் போட்டு, வெந்ததும் பின்னாலிருந்து தள்ளினால் குழலின் அளவிலேயே உருண்டையாக விழும். வார்ப்பு என்பது அதுதான். இரு பக்கமும் சமாந்தரமாக, முனை மழுங்கி இருப்பது குழலுக்குள் உருவானதால். இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தட்டில் பிட்டுக்குப் பக்கத்தில் தேங்காய்ப்பூ சிதறிக் கிடந்தால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. பிறகு யாராவது தூவியிருக்கலாம். பிட்டுக்கு உள்ளே தேங்காய்ப்பூ இருந்தால் அது குழலுக்குள்ளேயே சேர்ந்திருக்க வேண்டும். அதைப் போலவே, சிறுநீரில் தனியாக மிதக்கும் செங்குழியம் சிறுநீரகத்திலிருந்தோ, சிறுநீர்ப்பையிலிருந்தோ, வழியில் வேறெங்கிருந்தோ வந்திருக்கலாம். வார்ப்புக்குள் பதிந்த செங்குழியம் சிறுநீரகத்தியின் உள்ளிருந்துதான் வந்தது. கத்தி வைக்காமல், ஊசி போடாமல், இரத்தம் கசியும் இடத்தை ஒரு துளி சிறுநீர் காட்டித் தருகிறது.

உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் புரத வார்ப்புக்குக் கண்ணாடி வார்ப்பு என்று சொல்லலாம். ஆய்வுகூடத்தில் ஹயலின் காஸ்ட் என்பார்கள். தாழ்வலுப் பார்வைப்புலம் ஒன்றில் ஒன்றிரண்டு இருந்தால் பயமில்லை. கடும் உடற்பயிற்சி, காய்ச்சல், நீரிழப்பு ஆகியவற்றின் பின்னர் கூடும். நோன்பு நாளொன்றில் அஸருக்குப் பின் எடுத்த என் மாதிரியில் பல கண்ணாடி வார்ப்புகள் இருந்தன. நோன்பு திறந்து, நன்றாகத் தண்ணீர் குடித்து, மறுநாள் ஸஹருக்கு எழும்பியபோது எடுத்த மாதிரியில் எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. செறிவு என்ற ஒன்றே அந்த வித்தியாசத்தைச் செய்கிறது.

வெண்குழியங்கள் பதிந்த வார்ப்பு, தொற்று அல்லது அழற்சி சிறுநீரகம்வரை போய்விட்டதைச் சொல்லும். சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றில் வெண்குழியம் வரும், வார்ப்பு வராது. குழாயின் சுவரிலுள்ள மேலணிக் கலங்களே உதிர்ந்து சேறு போன்ற கபில நிற மணல் வார்ப்புகளாக வந்தால், சிறுகுழாய்கள் அடிபட்டுள்ளன என்று பொருள். கண்ணாடி விரியன் தீண்டியவர்களிலும், வயலில் இறங்கி எலிக்காய்ச்சல் கடுமையானவர்களிலும் சிறுநீரகம் இப்படிப் பாதிக்கப்படலாம். மெழுகு வார்ப்பு ஓரம் வெடித்து, தடித்து, வெளிச்சத்தைக் குறைக்காமலே தெரியும். குழாயில் நீண்டகாலம் ஓட்டமில்லாமல் கிடந்த வார்ப்பே முதிர்ந்து மெழுகாகிறது. அது அகலமாகவும் இருந்தால், விரிந்து போன குழாயில் வார்க்கப்பட்டது. புத்தகத்தில் அந்தப் படத்தைக் காட்டியபோது ராத்தா அதிகம் பேசவில்லை. "இது வந்தா, கனகாலமா நடந்த கதை புள்ள" என்று மட்டும் சொல்லிப் பக்கத்தைப் புரட்டினார்.

இனி முன்னே சொன்ன விடயம். எங்கள் சாச்சியின் மகனுக்கு ஆறு வயது. காலில் சிரங்கு வந்து ஆறியது. இரண்டு மூன்று கிழமை கழித்து ஒருநாள் முகம் ஊதி, கண்ணிமை தடித்து எழும்பினான். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில், அதுவும் கொஞ்சமாகவே போனது. சாச்சி விடியவே மாதிரியை ஒரு ஜாம் போத்தலில் எடுத்து வைத்தார். வீட்டு வேலை முடித்து, பஸ் ஏறி, டவுனிலுள்ள ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்க்கப்படும்போது பகல் கடந்துவிட்டது. அறிக்கையில் ரெட் செல்ஸ் நிறைய, கிரிஸ்டல்ஸ் கல்சியம் ஒட்சலேற்று, காஸ்ட்ஸ் இல்லை என்று வந்தது.

வீட்டிலே எல்லோரின் கண்ணும் கிரிஸ்டல்ஸ் என்ற வரியில் போய் நின்றது. கிரிஸ்டல் என்றால் கல். கல் என்றால் தண்ணீர் குடிக்க வேண்டும். "இளநி குடுங்க, நீர்முள்ளி அவிச்சுக் குடுங்க, கரைஞ்சி போயிரும்" என்று பக்கத்து வீட்டு மாமியும் சொன்னார். அன்பினால்தான் சொன்னார். பிள்ளைக்கு ஊற்ற ஊற்ற வீக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. அடுத்த நாள் மாலை தலைவலி, சத்தி. வைத்தியசாலைக்குக் கொண்டு போனபோது இரத்த அமுக்கம் ஏறியிருந்தது. அங்கே புதிதாக எடுத்த மாதிரி உடனே பார்க்கப்பட்டது. அந்தச் சீட்டை நான் பிறகு பார்த்தேன். காஸ்ட்ஸ் என்ற இடத்தில் ரெட் செல் காஸ்ட்ஸ் என்று எழுதியிருந்தது.

கல் இல்லை. கலன்கோள அழற்சி. சிரங்கை உண்டாக்கிய ஸ்ரெப்ரோகொக்கசு பற்றீரியாவுக்கு எதிராக உடல் எழுப்பிய பிறபொருளெதிரிகள், அதன் பிறபொருளெதிரியாக்கிகளோடு இணைந்து கலன்கோளத்தில் படிந்து அழற்சியை உண்டாக்கியிருந்தன. அத்தகைய சிறுநீரகம் நீரை வெளியேற்ற முடியாமல் திணறும்போது மேலும் மேலும் நீர் கொடுத்தால் அது உடலிலேயே தேங்கி அமுக்கத்தை ஏற்றும். இளநீரிலுள்ள பொற்றாசியமும் வெளியேற வழியில்லாமல் இரத்தத்தில் கூடும், அது இதயத்துக்கு ஆபத்து. வைத்தியர்கள் முதலில் செய்ததே குடிக்கும் நீரை அளந்து கொடுத்து, உப்பை நிறுத்தியதுதான். அல்ஹம்துலில்லாஹ், சில நாட்களில் வீக்கம் வடிந்தது. இப்போது பந்தை விட்டு வீட்டுக்கு வர மறுக்கிறான். ஆனாலும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை யூ.எப்.ஆர். எடுக்கிறார்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாத செங்குழியங்கள் பல மாதங்களுக்கு வரலாமாம்.

முதல் ஆய்வுகூடம் பொய் எழுதவில்லை என்றே நினைக்கிறேன். அவர்களுக்குக் கிடைத்த போத்தலில் இருந்ததை எழுதினார்கள். எங்கள் ஊர் வெயிலில் அரைநாள் வைத்த சிறுநீரில் பற்றீரியா பெருகும், யூரியா பிரிந்து காரமாகும், காரத்தில் வார்ப்புகள் சிதைந்து கரையும். அதே நேரத்தில் போத்தலுக்குள் புதிதாகப் பளிங்குகள் உண்டாகும். அதாவது தாமதிக்கத் தாமதிக்க, முக்கியமான சாட்சி மறைந்து, முக்கியமில்லாத சாட்சி பெருகுகிறது. அந்த அறிக்கையில் மாதிரி எடுத்த நேரம் எழுதப்படவில்லை, கேட்கப்படவும் இல்லை. அதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது.

வார்ப்பு போல நடிப்பவையும் உண்டு. பஞ்சு நார், உடையின் நூல், சீத இழை, வழுக்கியின் கீறல். நூலின் ஓரங்கள் சமாந்தரம்தான், ஆனால் மிகக் கறுப்பாக, நடுவை விட ஓரம் தடித்துத் தெரியும். சீத இழைக்கு முனை கூராகி நூலாய் நீளும். யூரேற்று மணல் ஒன்றாய் ஒட்டி மணல் வார்ப்பு போலக் கிடக்கும், ஆனால் அதற்குத் தெளிவான எல்லைக்கோடு இராது. கையுறைத் தூளின் மாப்பொருள் மணிகள் நடுவே ஒரு குழியோடு பளிங்கு போல மினுங்கும். நுண்சரிசெய் திருகை மெதுவாக முன்பின் அசைத்துக்கொண்டே பார்க்கப் பழகினால்தான் எது தட்டை, எது உருளை என்று பிடிபடும்.

காஸ்ட்ஸ் இல்லை என்று வந்தால் சிறுநீரகம் நலம் என்று எடுத்துக்கொள்வதும் சரியல்ல. 1990களிலிருந்து வடமத்திய மாகாண விவசாயக் குடும்பங்களை வாட்டிவரும், காரணம் முற்றாக விளங்காத நீண்டகாலச் சிறுநீரக நோய் பிரதானமாகச் சிறுகுழாய்களையும் அவற்றுக்கு இடையிலுள்ள இழையத்தையும் தாக்குகிறது. சிறுநீரில் புரதம் மிகக் குறைவாகவே வரும், படிவிலும் பெரிதாக எதுவும் தென்படாது. பதவிய, மெதவச்சிய போன்ற இடங்களில் எத்தனையோ பேர் எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்து, நோய் முற்றிய பிறகே அறிந்தார்கள். அங்கே இரத்தத்தில் கிரியட்டினின் அளவையும் பார்த்தாக வேண்டும். நுணுக்குக்காட்டிக்குத் தெரியாத நோயும் இருக்கிறது.

மாதிரி கொடுப்பது பற்றி ராத்தா சொன்னவற்றை எழுதி முடிக்கிறேன். காலையில் எழுந்ததும் போகும் செறிவான சிறுநீர் நல்லது. ஆரம்பத்தில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை, ஆய்வுகூடம் தரும் போத்தலில் எடுக்க வேண்டும். ஜாம் போத்தலும் யோகட் கோப்பையும் வேண்டாம். முடிந்தால் ஆய்வுகூடத்திலேயே எடுத்துக் கொடுப்பது இன்னும் நல்லது. வீட்டில் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள், பிந்தினாலும் இரண்டு மணித்தியாலத்துக்குள் சேர்க்க வேண்டும். போத்தலில் நேரத்தை எழுத வேண்டும். எங்களைப் போன்ற பெண்பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு. மாதவிடாய் நாட்களில் எடுத்த மாதிரியில் செங்குழியங்கள் நிறைந்து அறிக்கை தேவையில்லாமல் பயமுறுத்தும். அவசரமில்லை என்றால் சில நாள் பொறுத்துக் கொடுக்கலாம். அவசரம் என்றால் அதைச் சொல்ல வேண்டும். ஆய்வுகூட யன்னலில் ஆண்கள் இருந்தால் சொல்லக் கூச்சமாக இருக்கும் என்று ராத்தாவிடம் சொன்னேன். போத்தலோடு கொடுக்கும் சீட்டின் ஓரத்தில் எல்.எம்.பி. என்று போட்டுக் கடைசி மாதவிடாய் தொடங்கிய திகதியை எழுதிவிட்டால் போதுமாம். பார்ப்பவர்களுக்கு விளங்கும், வாயால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.